உலையில் போடுமுன் ஒரு பிடி

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அடுப்பைச் சுற்றி இன்னும் இடம் இருக்கிறது. குளிர்காற்று உள்ளே வராமல் அந்தக் கதவை மட்டும் இழுத்துச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். தேநீர் கொதிப்பதற்குள் எங்கள் லுங்மாவி ஊரின் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடியாவிட்டால் என்ன, இன்னொரு தரம் கொதிக்கட்டும். எலிகள் எங்களைத் தோற்கடிக்கப் பார்த்த வருடத்தின் கதை இது. தோற்றது யார் என்று கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் மிசோ மலைகளில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்காரி அரிசியை அளந்து எடுப்பாள். உலையில் போடுமுன் அதிலிருந்து ஒரு பிடியைத் தனியே ஒரு டப்பாவில் போடுவாள். அது கர்த்தருடைய பங்கு. காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. யாரும் நின்று பார்ப்பதில்லை, யாரும் கேட்பதில்லை. வார முடிவில் சபைப் பெண்கள் கூடையோடு வீடு வீடாக வருவார்கள், டப்பா கவிழும். அரிசியை விற்றுப் பணமாக அனுப்பும் ஊர்கள் உண்டு. லுங்மாவி அரிசியாகவே அனுப்பும். தெற்கே, ஆற்றையும் தாண்டி, வேறு பாஷை பேசும் மலைக்காரர்கள் நடுவில் வேதம் சொல்லிக்கொடுக்க நாங்கள் ஓர் உபதேசியாரைக் குடும்பத்தோடு வைத்திருந்தோம். அவர் வீட்டு உலை எங்கள் பிடிகளால்தான் கொதித்தது. எங்களிடம் பணக்காரன் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் ஒரு குடும்பத்துக்கே சோறு போட்டோம். கையளவுதான், ஆனால் நிறையக் கைகள்.

ரோகுங்கி அந்தச் சோற்றைச் சாப்பிட்டவள். அவள் புருஷன்தான் அங்கே முதலில் போன உபதேசியார். அங்கேயே காய்ச்சலில் இறந்தார். அவரை அந்த மண்ணில் அடக்கம் பண்ணிவிட்டு, கைக்குழந்தை சியாமியை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். அவர் இடத்துக்குக் காப்தியாங்கா என்றொரு இளம் உபதேசியாரைச் சபை அனுப்பியது.

தெற்கில் இருந்தபோது அவளும் அந்த ஊர்ப் பெண்களுக்குப் பிடி அரிசியைக் கற்றுக்கொடுக்கப் பார்த்தாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். அதில் ஒரு கிழவி கேட்டாளாம்:

"அரிசியை எடுத்து ஒளிச்சு வைக்கிறியா? இரு, உன் புருஷன்கிட்டச் சொல்றேன்."

"அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கார்? சரி, யாருக்கு அது?"

"நாம இன்னும் பாக்காத ஜனங்களுக்கு."

"பாக்காதவங்களுக்குப் பசிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ரோகுங்கி அன்றைக்கும் தன் பிடியை எடுத்து வைத்தாள். அவள் கிளம்பி வரும் நாள்வரைக்கும் அங்கே ஒருத்தியும் பிடி எடுத்ததில்லை.

பிறகு அந்த வருடம் வந்தது. மூங்கில் பூத்தது. மூங்கில் பூத்தால் காய்க்கும், அந்தக் காயைத் தின்று எலி பெருகும், பெருகிய எலி வயலுக்கு வரும். ஒரு சாயங்காலம் கதிர் சாய்ந்து நின்ற வயல், மறுநாள் காலையில் வெறும் தாளாக நின்றது. எங்கள் அரிசியை எலி தின்றது. நாங்கள் எலியைப் பிடித்துப் புகையில் வாட்டித் தின்றோம். அப்போதும் கணக்கு எலி பக்கம்தான் கூடுதல். பிறகு காட்டுக்கிழங்கு தோண்டினோம். கிழங்கைத் தேடி ஒவ்வொரு நாளும் இன்னும் தூரமாய்ப் போக வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரம். மூப்பர் தார்சாவ்னா எழுந்து நின்றார். நல்ல மனிதர். பெரிய கை, பெரிய குரல். அன்று குரல் சிறுத்திருந்தது.

"சகோதரிகளே, இந்த வாரத்துல இருந்து பிடி அரிசி வேண்டாம்னு மூப்பர்கள் பேசி முடிவு பண்ணிருக்கோம். பிள்ளைங்க வாயில இருந்து எடுத்துக் குடுன்னு கர்த்தர் கேக்க மாட்டார். நிலைமை சரியானதும் பாத்துக்கலாம்."

அந்தக் காலத்தில் சபையில் பெண்கள் எழுந்து பேசுகிற வழக்கம் கிடையாது. ரோகுங்கி எழுந்தாள்.

"மூப்பரே, உபதேசியார் வீட்டுல உலை வைக்கிறதை நிறுத்தச் சொல்லி அவருக்கு ஆள் அனுப்பியாச்சா?"

தார்சாவ்னா தாடையைத் தடவினார். "சியாமி அம்மா, நீயே கிழங்கு தோண்டிச் சாப்பிடுற. உன்கிட்ட என்ன இருக்கு?"

"கொஞ்சம் இருக்கு."

"அது தீர்ந்தா?"

"இன்னைக்குத் தீரலையே. வேண்டிய ஆகாரத்தை இன்னைக்குத் தாரும்னுதானே இப்ப எல்லாரும் சேர்ந்து ஜெபம் பண்ணினோம். நாளைக்குன்னு யாராவது சொன்னீங்களா? என் காதுல விழலை."

ஆண்கள் பக்கத்தில் யாரோ இருமினார்கள். "மனசு இருக்கிறவங்க போடலாம். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு மூப்பர் உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் அடுத்த வீட்டு ஜைதாங்கி பிடித்துக்கொண்டாள். ஊரில் எல்லோருக்கும் ஒரு வாய் என்றால் அவளுக்கு இரண்டு.

"எழுந்து நின்னுட்டியே, பெரிய பிரசங்கி. இப்ப போடாத வீடுன்னு எங்களை ஊரே பாக்கும். என் வீட்டுல பிடிக்கிறதுக்கு ஒரு மணி அரிசி கிடையாது தெரியுமா?"

"இல்லாதவங்க அரிசிக்குப் பதிலா ஒரு விறகுக் குச்சி வைக்கிறது உண்டே அக்கா."

"வைக்கிறேன். வைக்க மாட்டேன்னா சொன்னேன்? ஆனா அந்தக் குச்சி உள்ளூர்ல நிக்கக் கூடாது. அதுவும் உபதேசியார் வீட்டுக்குத்தான் போகணும். என் காணிக்கை மட்டும் இங்க கிடந்து மழையில நனையணுமா?"

சொன்னபடியே செய்தாள். மாதக் கடைசியில் தெற்கே அனுப்பும் பையைக் கட்டியபோது பாதிதான் நிறைந்திருந்தது. அரிசி கொஞ்சம், அரிசி இல்லாதவர்கள் போட்ட காட்டுக்கிழங்கு வற்றல் மீதி. பையின் வாயில் ஜைதாங்கி தன் விறகுக் குச்சியை நாரால் இறுக்கிக் கட்டினாள். சுமந்து போகிறவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"காட்டுக்கு விறகு தூக்கிட்டுப் போன முதல் முட்டாள் நான்தான்."

"போற வழியில எறிஞ்சிடாதே. எண்ணி வச்சிருக்கேன்" என்றாள் ஜைதாங்கி.

"ஒத்தைக் குச்சியை என்னத்த எண்ணினே?"

அவர் போனார். திரும்பி வரவேண்டிய நாள் வந்தும் வரவில்லை.

அதற்குள் ஊர் இன்னும் மெலிந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை நான் பெருமையாகவே சொல்வேன். அந்த வருடம் லுங்மாவியில் எவரையும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுப் பாருங்கள்; "ஆச்சு, வயிறு கனமா இருக்கு" என்பார்கள். அடுத்தவருக்குப் பாரமாய் இருக்கக் கூடாது என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வருவது. அதனால்தான் யார் வீட்டில் எவ்வளவு பசி என்று யாருக்கும் தெரியவில்லை. நல்ல குணம்தான். ஆனால் அதற்கும் ஒரு பைத்தியம் உண்டு, பாருங்கள்.

ரோகுங்கியின் வீடு ஊருக்குக் கீழ்க்கோடியில், தெற்கு வழி ஏறி வருகிற இடத்தில். ஒருநாள் பிற்பகல் அவள் அரிசிப் பானைக்குள் கையை விட்டபோது விரல் நகம் அடியில் உரசியது. ஒரு வேளைக்கு, அதுவும் கஞ்சியாக. சியாமி பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். மலை ஏறி வருபவர்களை முதலில் கண்டது அவள்தான்.

"அம்மா, ஆள் வருது. நிறைய."

நெற்றியில் வார் போட்டு, முதுகில் கூடை சுமந்து, குனிந்து ஏறி வந்தார்கள். கூடைகளை வாழையிலை போட்டு மூடியிருந்தார்கள். அந்த நாட்களில் இப்படி வருகிறவர்களைப் பார்த்து எங்களுக்குப் பழக்கம்தான். பசி தாங்காமல் வீட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போகிறவர்கள். ஜைதாங்கி தன் வாசலிலிருந்து பார்த்தாள்.

"சியாமி அம்மா, இன்னும் ஒரு கூட்டம் பசியோட வருது. நம்ம ஊர்ல விருந்துன்னு யாரோ புரளி கிளப்பிருக்காங்க."

வந்தவர்களில் முன்னால் நின்றவன் வணக்கம் சொன்னான். அந்தப் பேச்சின் இழுப்பு ரோகுங்கிக்கு உடனே அடையாளம் தெரிந்தது. தெற்கு மலைக்காரர்கள். அப்படியானால் அங்கேயும் மூங்கில் பூத்துவிட்டது. அங்கேயும் வயல் போய்விட்டது. காப்தியாங்காவின் வீட்டில் என்ன கதியோ.

அவள் கேட்கவில்லை. வந்தவரை முதலில் சாப்பிட வைக்க வேண்டும், அதன்பிறகுதான் வந்த காரியம் கேட்க வேண்டும். எங்கள் ஊரில் இதை மாற்றிச் செய்தவள் பெயர் மூன்று தலைமுறைக்கு நாறும். தெற்கிலும் அதே முறைதான்: உண்ணாத வீட்டில் சுமையை அவிழ்க்கக் கூடாது.

"உள்ள வாங்க தம்பி. கூடையை இறக்குங்க. உலை வச்சிருக்கேன்" என்றாள். உலை அப்போது வைக்கவே இல்லை.

"வேண்டாம் அக்கா. வழியிலேயே சாப்பிட்டோம். வயிறு நிறைஞ்சிருக்கு."

நாங்களும் அதே பொய்யைத்தானே சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் எப்படி நம்புவாள்?

"நிறைஞ்சிருந்தாலும் எங்க வீட்டுச் சோறு ஒரு ஓரமா இருக்கட்டும். உக்காருங்க."

உள்ளே போய்ப் பானையைக் கவிழ்த்தாள். சியாமி பின்னாலேயே வந்தாள். அரிசி முறத்தில் விழுந்த சத்தம் அந்தப் பிள்ளைக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரோகுங்கி குனிந்து, வழக்கம்போல், ஒரு பிடியை எடுத்து டப்பாவில் போட்டாள்.

"அம்மா." சியாமி மெதுவாகத்தான் சொன்னாள். "வந்தவங்களுக்கே பத்தாது. அதுல கர்த்தருக்குமா?"

"கர்த்தருக்கு முதல்ல. அப்புறம் வந்தவங்களுக்கு. மீந்தா நமக்கு."

"மிஞ்சாது."

"கிழங்கு இருக்கே."

"அது நேத்தே தீர்ந்துபோச்சு. நீ சாப்பிட்ட மாதிரி வாயை அசைச்ச. நான் பாத்தேன்."

ரோகுங்கி விறகு எடுக்கிற சாக்கில் வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே நின்று அவள் செய்த ஜெபத்தைப் பிற்பாடு அவளே எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். அழகான ஜெபம் ஒன்றும் இல்லை. "ஆண்டவரே, இன்னைக்குன்னு சொன்னேன். சபை நடுவுல எழுந்து நின்னு சொன்னேன். இன்னைக்கு முடியப் போகுது. என் பிள்ளை முகத்துல நான் எப்படி முழிக்கிறது? ஏதாச்சும் செய்யும். உம்ம பேர்ல சொன்ன வார்த்தை அது." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லையாம். விறகோடு உள்ளே வந்து, "இன்னும் இருட்டலையே சியாமி. பாப்போம்" என்றாள்.

சோறு வெந்தது. குழைய வேகவைத்ததை இலையில் பரப்பி வைத்தாள். தெற்குக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிடாவிட்டால் அவமானம், சாப்பிடவோ கை வரவில்லை. ஆளுக்கு இரண்டு வாய் உண்டுவிட்டு, மீதியை இலையோடு சியாமி பக்கம் தள்ளினார்கள். முன்னால் நின்றவன், லைதோ என்று அவன் பெயர், கையைக் கழுவிக்கொண்டு கேட்டான்:

"அக்கா, சாப்பிட்டாச்சு. இனிமே கேக்கலாம் இல்லையா? எங்க ஊர் மண்ணுல படுத்திருக்கிற முதல் உபதேசியாரோட பொண்டாட்டி வீடு எது? நான் அப்ப சின்னப் பையன், முகம் ஞாபகம் இல்லை."

"ஏன் தம்பி?"

"அவங்க வீட்டு வாசல்ல சுமையை இறக்கணும்னு எங்க ஊர்ப் பொம்பளைங்க சொல்லி அனுப்பிருக்காங்க."

"இதுதான் அந்த வீடு" என்றாள் ரோகுங்கி.

லைதோ எழுந்து போய்த் தன் கூடையின் வாழையிலையை விலக்கினான். உள்ளே அரிசி. அடுத்த கூடை, அரிசி. அதற்கடுத்ததும் அரிசி. சிவப்பும் வெள்ளையும் கலந்து, ஒரு வீட்டு அரிசியாக இல்லாமல், ஒரு ஊர் அரிசியாக.

ரோகுங்கி கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "உங்க பக்கம் மூங்கில் பூக்கலையா?"

"எங்க மூங்கில் வேற ஜாதி. அது பூக்க இன்னும் காலம் கிடக்கு."

"எங்க நிலைமை உங்களுக்கு யார் சொன்னா? பை கொண்டு வந்தவரா?"

லைதோ சிரித்துவிட்டான். "அவரா? கால் வீங்கி எங்க ஊர்லயே படுத்துட்டார். எல்லாரும் கேட்டோம், லுங்மாவியில எப்படின்னு. 'ரொம்ப நல்லா இருக்கோம், சாப்பிட்டு மாளலை'ன்னார். கன்னம் ரெண்டும் ஒட்டிக் கிடக்கு, வாய் மட்டும் அப்படிப் பேசுது. அப்புறம் உபதேசியார் பையை அவிழ்த்தார். அரிசி ஒரு பங்கு, கிழங்கு வத்தல் ரெண்டு பங்கு. பையோட வாயில இது."

கூடையின் ஓரத்திலிருந்து அவன் ஒரு விறகுக் குச்சியை எடுத்தான். கட்டியிருந்த நார்கூட அதிலேயே தொங்கியது.

"காட்டுக்குள்ள இருக்கிற எங்களுக்கு விறகு ஏன்னு சின்னப் பிள்ளைங்க சிரிச்சுது. உபதேசியாரோட பொண்டாட்டி சிரிக்கலை. அரிசி இல்லாத வீட்டுல இருந்துதான் குச்சி வரும்னு சொல்லி அழுதுட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே எங்க பொம்பளைங்க எல்லாரும் கூடினாங்க. அந்தக் காலத்துல உங்களைப் பாத்துச் சிரிச்ச கிழவிதான் முதல்ல எழுந்து போய்த் தன் பானையில கையை விட்டது. 'பாக்காதவங்களுக்குப் பசிக்கும்னு எப்படித் தெரியும்னு அவளைக் கேட்டேன். இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு'ன்னு சொல்லச் சொன்னது."

அதற்குள் வாசலில் ஊர் கூடிவிட்டது. மூப்பர் தார்சாவ்னா கடைசி வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டுதான் வந்தார். குச்சியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பை போயிருக்காவிட்டால் இந்தக் கூடைகள் வந்திருக்காது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சபை நடுவில் பேசுகிற அதே குரலில், ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"பிடி அரிசியை நிறுத்தச் சொன்னேன். நல்லவேளை, என் பேச்சை நீங்க கேக்கலை."

"உங்க பேச்சை நாங்க என்னைக்குக் கேட்டோம் மூப்பரே" என்றாள் ஜைதாங்கி. "அந்தக் குச்சியைப் பாத்துப் பிடிங்க. என்னுது அது."

இனிமேல்தான் வேடிக்கை. கூடைகளைப் பங்கு வைக்கலாம் என்றார்கள். முதல் வீட்டுக்காரர், "எங்களுக்கு எதுக்கு, கீழ் வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு" என்றார். கீழ் வீட்டுக்காரி, "எங்களுக்கு நேத்துக்கூடக் கிழங்கு மீந்துபோச்சு. கிழவர் வீட்டுக்குக் குடுங்க" என்றாள். கிழவர், "இந்த வயசுல எனக்கு ஜீரணம் ஏது" என்றார். கூடை நகர்ந்துகொண்டே போய்ப் புறப்பட்ட வாசலுக்கே திரும்ப வந்தது. கண்ணில் பசி, வாயில் வீம்பு. லைதோ மலைத்துப்போய் நின்றான்.

"அக்கா, இதைத் திரும்ப எங்க ஊருக்கே தூக்க வச்சிடுவாங்க போல இருக்கே."

ரோகுங்கி அப்போதுதான் சத்தம் போட்டாள். "கல்யாண அண்டாவைக் கொண்டு வாங்க. சபைக் கோயில் முற்றத்துல ஒரே அடுப்பு, ஒரே உலை. யாருக்கு எவ்வளவு பசின்னு யாரும் சொல்ல வேண்டாம். எல்லாரும் உக்காருவோம், எல்லாரும் சாப்பிடுவோம்."

அதற்கு யாராலும் மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஒரே பந்தியில் உட்காருவது பிச்சை இல்லையே.

பொழுது சாயும் நேரம் அண்டா ஏறியது. மேளத்தை யாரோ எடுத்து வந்து தட்ட ஆரம்பித்தார்கள். அடுப்பில் முதல் விறகாக ஜைதாங்கியின் குச்சியைத்தான் வைத்தார்கள்; தெற்கே போய்வந்த குச்சி, நன்றாகவே எரிந்தது. "என் காணிக்கைதான் கொதிக்க வைக்குது, எல்லாரும் பாத்துக்கங்க" என்று அவள் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தண்ணீர் கொதித்தது. கூடையைத் தூக்கிக் கவிழ்க்கப் போனார்கள்.

"நில்லுங்க" என்றார் மூப்பர்.

வந்து குனிந்தார். வாழ்நாளில் உலைப் பக்கம் போகாத மனிதர். அரிசியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, ரோகுங்கி நீட்டிய டப்பாவில் போட்டார். பசியோடு இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவர் முகம்கூடச் சுளிக்கவில்லை. அந்த முகங்களை நான் இன்னும் மறக்கவில்லை. ராஜாக்கள் வீட்டுப் பந்தியில்கூட அப்படி ஒரு நிமிர்வு இருந்திருக்காது.

"மூப்பர் கை பெரிய கை. ஒரு பிடின்னா ஒரு வேளைச் சாப்பாடு" என்றாள் ஜைதாங்கி.

லைதோ டப்பாவை எட்டிப் பார்த்தான். "அக்கா, இந்தப் பிடி எங்க போகும்?"

"வேற எங்க? உங்க ஊர் உபதேசியார் வீட்டுக்கு."

"அங்க இருந்துதானே இப்பத் தூக்கிட்டு வந்தேன்."

"அப்ப வழி உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கும். போறப்ப நீயே எடுத்துட்டுப் போ."

அந்தச் சிரிப்பு மலை முகடுவரை போயிருக்கும். சியாமி ரோகுங்கியின் மடியில் சாய்ந்துகொண்டு, வாய் நிறையச் சோற்றோடு கேட்டாள்: "அம்மா, நாளைக்கு?"

"நாளைக்கு நாளைக்கு. இன்னைக்கு நல்லா மென்னு சாப்பிடு."

அடுத்த விளைச்சல் வரைக்கும் தெற்கிலிருந்து கூடைகள் வந்தன. இங்கிருந்து அந்தப் பிடியும் தவறாமல் போனது. எலிகள் எங்கள் வயலைத் தின்றன, விதையைத் தின்றன, கூடை வார்களைக்கூடக் கடித்துத் தின்றன. அந்தப் பிடியை மட்டும் அவற்றால் தின்ன முடியவில்லை. நாங்கள் லுங்மாவிக்காரர்கள் என்று சொல்லும்போது கழுத்து ஏன் இப்படி நிமிர்கிறது என்று இப்போது தெரிந்ததா?

இதோ, தேநீரும் கொதித்துவிட்டது. குடித்துவிட்டுப் போங்கள். உங்கள் வீட்டு அரிசிப் பானையின் அடி உங்கள் நகத்தில் படாதிருக்கட்டும். பட்டாலும், அன்றைக்கு உரியதை அன்றைக்கே தருகிறவர் உங்கள் வாசலுக்கு வழி தெரிந்தவராக இருப்பாராக. உலையில் போடுமுன் ஒரு பிடி எடுக்கிற கை உங்கள் வீட்டில் என்றைக்கும் குறையாதிருக்கட்டும்.